குஞ்சின் கழுத்து கோணினால் என்ன செய்யலாம்?



இந்த முறை கோழிக்குஞ்சின் கழுத்தைப் பற்றிப் பார்ப்போம். "எழுத வேற விஷயமா இல்ல?" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் லயத்துப் பக்கம் போகும்போதெல்லாம் என்னிடம் அதிகமாகக் கேட்கிற கேள்விகளில் இதுவும் ஒன்று. "ஐயா, குஞ்சு நேத்து வரைக்கும் நல்லா ஓடித் திரிஞ்சிச்சு. காலையில பார்த்தா கழுத்து முறுக்கிக்கிட்டு வானத்தைப் பார்க்குது. காத்து கருப்பு பட்டிருக்குமோ?" இப்படிக் கேட்டவர்கள் பலர்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் கோழித் தீவனமும் முட்டையும் என்ன விலைக்குப் போயின என்பது எல்லோருக்கும் தெரியும். 2023இல் இந்தியாவில் இருந்து கப்பலில் முட்டை கொண்டு வர வேண்டிய நிலை நாட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு லயத்துப் பின்பக்கம் நாலு கோழி வைத்திருக்கிற வீட்டின் மதிப்பு கூடிவிட்டது. பிள்ளைக்குக் காலையில் ஒரு முட்டை, மிஞ்சியதை விற்றால் கொப்பி பென்சில் காசு. இதில் ஒரு அடை குஞ்சு அப்படியே போய்விட்டால் சின்ன நட்டம் இல்லை.

கழுத்து கோணிய குஞ்சைப் பார்த்ததும் நம் ஆட்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒரு சிலர் "இனி இது தேறாது" என்று அன்றைக்கே கழுத்தைத் திருகி எறிகிறார்கள். மற்றவர்கள் "பார்ப்போம்" என்று நாலு நாள் விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு. கழுத்து கோணுவது ஒரு வியாதியின் பெயர் இல்லை, அது ஒரு அடையாளம். நம் வயிற்று வலிக்குப் பத்துக் காரணம் இருப்பது போல இதற்கும் பல காரணம் உண்டு. சிலது ஒரு விட்டமின் குளிசையில் இரண்டே நாளில் சரியாகும். இன்னொன்று முழு லயத்துக் கோழியையும் ஒரு கிழமையில் வாரிக்கொண்டு போகும். இதில் எது என்று முதல் நாள் அந்திக்குள்ளேயே பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

எதுவாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். அந்தக் குஞ்சைத் தாயிடமிருந்தும் மற்றக் குஞ்சுகளிடமிருந்தும் பிரித்து ஒரு காட்போர்ட் பெட்டியில் வையுங்கள். நோய் பரவாமல் இருக்க மட்டும் இல்லை. தடுமாறுகிற குஞ்சை மற்றக் குஞ்சுகள் கொத்தும், மிதிக்கும், தீனிக்கு விடாது. நோயை விட இதில் செத்துப் போகிற குஞ்சுகள்தான் அதிகம் என்பது என் எண்ணம். நம்ம மலைக் குளிருக்குப் பெட்டியில் பழைய சாக்கு விரித்து, ஒரு போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றித் துணியில் சுற்றி ஓரமாக வைத்தால் போதும். அடுப்புக்குப் பக்கத்தில் புகைக்குள் வைக்காதீர்கள்.

பிறகு குஞ்சை நன்றாகப் பாருங்கள். எத்தனை நாள் குஞ்சு? ஒன்றா, பலதா? மூச்சு எப்படி? எச்சம் என்ன நிறம்? கழுத்து எந்தப் பக்கம் போகிறது?

கால் இரண்டையும் மடக்கிக் குந்திக்கொண்டு, தலை முதுகுப் பக்கம் சாய்ந்து, நட்சத்திரம் எண்ணுவது போல மேலே பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விட்டமின் பி 1 குறைவு. இரண்டு கிழமை ஆகாத சின்னக் குஞ்சிலேயே இது வரும். காரணம் நம் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. மிச்சமான வெள்ளைச் சோறும் கோதுமை மா ரொட்டித் துண்டும் மட்டுமே குஞ்சுக்குத் தீனி என்றால் வயிறு நிறையும், பி 1 கிடைக்காது. நெல்லைத் தீட்டும்போது அந்தச் சத்து தவிட்டோடு போய்விடுகிறது. புழுங்கல் அரிசியில் கொஞ்சம் மிஞ்சும், பச்சை அரிசியில் மிகக் குறைவு.

இதை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்ததே கோழிகள்தான். ஜாவாத் தீவின் பட்டேவியா நகரத்தில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மன் என்ற டச்சு டாக்டர் ஒருவர் பெரிபெரி நோய்க்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். 1889ஆம் ஆண்டு அவர் வளர்த்த கோழிகள் கால் தளர்ந்து விழத் தொடங்கின. கிருமியாக இருக்கும் என்று அவர் தேடித் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. சில மாதத்தில் கோழிகள் தானாகவே சுகமாகிவிட்டன. விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கோழி பார்க்கிற ஆள் இராணுவ ஆஸ்பத்திரிக் குசினியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை வாங்கிப் போட்டு வந்திருக்கிறார். புதிதாக வந்த சமையல்காரர், "பட்டாளத்துச் சோறு வெளி ஆள் கோழிக்குத் தர மாட்டேன்" என்று நிறுத்திவிட்டார். பிறகு தீட்டாத அரிசி போட்டார்கள், கோழி எழும்பிவிட்டது! இந்த வழியில் போன ஆராய்ச்சிக்காக எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பெரிபெரி என்ற பெயர் சிங்களச் சொல்லில் இருந்து வந்ததாகச் சொல்வார்கள். "பெரி" என்றால் "முடியாது, ஏலாது" என்று நம் எல்லோருக்கும் தெரியுமே.

இதற்கு வைத்தியம் சுலபம். பார்மசியில் பி கொம்ப்ளெக்ஸ் குளிசை கிடைக்கும். இரும்புச் சத்து கலக்காத வெறும் பி கொம்ப்ளெக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். கால் குளிசையைத் தூளாக்கி, ஒரு தேக்கரண்டி தண்ணீரில் கரைத்து, காலையும் மாலையும் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். தீனியில் கலந்து வைத்துவிட்டு மலைக்குப் போனால் பயன் இல்லை. இந்தக் குறைவு வந்த குஞ்சுக்குப் பசியே இருக்காது, அதனால் வாயில்தான் கொடுக்க வேண்டும். பி 1 குறைவுதான் காரணம் என்றால் சில மணித்தியாலத்திலேயே மாற்றம் தெரியும். காலையில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் அந்திக்கு வந்து பார்க்கும்போது குஞ்சு நின்றுகொண்டிருக்கும்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரத்தக் கழிச்சலுக்குக் கொடுக்கிற அம்ப்ரோலியம் என்ற மருந்து, குஞ்சின் உடம்பில் பி 1 சேர விடாமல் தடுக்கிறது. அளவாக, சொன்ன நாளுக்கு மட்டும் கொடுத்தால் பயம் இல்லை. "கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் சுகமாகும்" என்று கூட்டிப் போட்டு, கிழமைக் கணக்கில் கொடுத்தால் கழிச்சல் நின்று கழுத்து கோணும்.

இரண்டாவது வகை வேறு மாதிரி. குஞ்சுக்கு இரண்டு கிழமையில் இருந்து நாலு கிழமை வயது இருக்கும். தலை ஒரு பக்கம் முறுகும், அல்லது கீழே மடங்கிக் காலுக்கு இடையில் போகும். நடக்கப் பார்த்தால் பின்னால் போகும், விழும், உருளும், காலை உதைக்கும். மூச்சில் சத்தம் இல்லை, சளி இல்லை. இது பெரும்பாலும் விட்டமின் ஈ குறைவு. இதில் குஞ்சின் மூளையே பாதிக்கப்படுகிறது.

இதற்குக் காரணம் பெரும்பாலும் தீனிச் சாக்கில் இருக்கும். தேங்காய்ப் புண்ணாக்கு, தவிடு, மீன் தூள் எல்லாம் எண்ணெய்ச் சத்து உள்ளவை. நம்ம ஈரக் காற்றில் மாதக் கணக்கில் கட்டி வைத்தால் காறல் வாடை அடிக்கும். காறிய எண்ணெய் தீனியில் உள்ள விட்டமின் ஈயைத் தின்றுவிடும். மலிவாகக் கிடைக்கிறது என்று மூன்று பேர் சேர்ந்து மூட்டையாக வாங்கிய தவிடு கடைசியில் இப்படித்தான் போகும். இரண்டு கிழமைக்குப் போதுமானதை வாங்குங்கள். மூக்கில் வைத்துப் பார்த்துக் காறல் இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். கூச்சப்பட வேண்டாம், காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம்.

பார்மசியில் விட்டமின் ஈ 400 என்று எழுதிய மென்மையான கப்சூல் இருக்கும். ஊசியால் குத்தி, முதல் நாள் அதில் கால் பங்கு எண்ணெயைக் குஞ்சின் வாய் ஓரத்தில் சொட்டாக விடுங்கள். அடுத்து வரும் ஏழு முதல் பத்து நாள் வரை நாளுக்கு இரண்டு மூன்று சொட்டு போதும். இந்த விட்டமின் வேலை செய்ய செலீனியம் என்ற தாதுச் சத்தும் துணை வேண்டும். அதற்காகத் தனி மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவு கொஞ்சம் கூடினாலும் அது நஞ்சு. அவித்த முட்டை மஞ்சள் கருவில் ஒரு சிட்டிகை கொடுத்தால் அந்தத் தேவை தீரும். நெத்தலித் தலையும் நல்லதுதான், ஆனால் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து உப்பைக் கழுவி எடுக்க வேண்டும். உப்பு குஞ்சைக் கொல்லும்.

பி 1ஆ, ஈயா என்று பிரிக்க முடியாவிட்டால் இரண்டையும் கொடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் விட்டமின் ஈ பி 1 போல உடனே பலன் காட்டாது. ஒரு கிழமை, இரண்டு கிழமை பொறுக்க வேண்டும். பிந்திப் பார்த்த குஞ்சுகளில் சிலது தேறாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மருந்தை விடப் பராமரிப்பில்தான் குஞ்சு பிழைக்கும். கழுத்து கோணிய குஞ்சுக்குத் தீனி முன்னாலேயே இருக்கும், ஆனால் கொத்தினால் அலகு வேறு பக்கம் போகும். பசியிலும் தாகத்திலும் செத்துப் போகும். விறகு தூக்கத் தலையில் வைப்போமே சும்மாடு, அது போலச் சின்னதாக ஒரு துணி வளையம் செய்து அதற்குள் குஞ்சை உட்கார வைத்தால் உருளாது. உள்ளங்கையில் எடுத்து, ஒரு விரலால் தலையின் கீழே மெதுவாகத் தாங்கிப் பிடித்து, அலகின் ஓரத்தில் தண்ணீரைச் சொட்டாக விடுங்கள். அதுவாக விழுங்க வேண்டும். வாயைப் பிளந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் அன்றைக்கே செத்துவிடும். தீனியைக் கூழ் போலக் கரைத்து வையுங்கள். பிரட்டுக்குப் போக முன் ஒரு தடவை, மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு தடவை, அந்திக்கு இரண்டு தடவை என்றால் எந்தக் கொழுந்தெடுக்கிற அம்மாவுக்கும் முடியும். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடம் ஒப்படைக்கலாம்.

கழுத்தை நேராக்குகிறேன் என்று இழுக்காதீர்கள், திருகாதீர்கள், நூல் கட்டாதீர்கள். அது சுளுக்கு இல்லை. கோளாறு நரம்பிலும் மூளையிலும் இருக்கிறது. எண்ணெய் போட்டு உருவுவதால் குஞ்சுக்குக் குளிர்தான் கூடும். ஆனால் தாய்க்கோழி மிதித்தோ, கதவில் நசுங்கியோ, தலையில் கொத்துப்பட்டோ கழுத்து சாய்வதும் உண்டு. அப்படியானால் வீக்கமோ காயமோ தெரியும். அதற்கும் இருட்டான பெட்டி, ஓய்வு, கையால் தீனி, இவைதான் மருந்து.

இனி பயப்பட வேண்டிய வகைக்கு வருவோம்.

குஞ்சு வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. தும்மல், சளி இருக்கிறது. எச்சம் பச்சைத் தண்ணீராகப் போகிறது. செட்டை தொங்குகிறது. இரண்டு மூன்று நாள் கழித்துக் கழுத்து முறுகுகிறது. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு மூன்று, பக்கத்து வீட்டிலும் ஒன்று. பெரிய கோழி முட்டையை நிறுத்திவிட்டது. இப்படி இருந்தால் அது விட்டமின் விஷயம் இல்லை, ராணிக்கட் நோய் என்று எண்ணி நடவுங்கள். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரத்திலும் முதலில் கண்டுபிடித்த நோய் இது. அடுத்து இந்தியாவில் ராணிக்கேத் என்ற மலை ஊரில் கண்டதால் நம் பக்கம் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இது வைரஸ் நோய். இதைக் குணமாக்க மருந்து கிடையாது. மனிதருக்கு டிஸ்பென்சரியில் கொடுத்த காய்ச்சல் குளிசையோ, மிஞ்சிய அன்டிபயோட்டிக் கப்சூலோ இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. தப்பிப் பிழைக்கிற கோழிக்கும் கழுத்துக் கோணல் சில நேரம் ஆயுளுக்கும் நிற்கும்.

இங்கேதான் நான் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. நோய் என்று தெரிந்ததும் "இருக்கிறதையாவது காசாக்குவோம்" என்று இரவோடு இரவாக மற்றக் கோழிகளைப் பக்கத்துத் தோட்டத்துக்கு விற்பது நடக்கிறது. செத்த குஞ்சைக் கானில் எறிவதும், பீலிக்கு மேலே உள்ள பற்றைக்குள் வீசுவதும் நடக்கிறது. மேல் லயத்தில் எறிந்தது மழைத் தண்ணீரோடு கீழ் லயத்துக்குத்தான் வரும். நோய் கோழியோடு மட்டும் போகாது. கூடு, தண்ணீர்ச் சட்டி, எச்சம் மிதித்த செருப்பு, முட்டை அட்டை எல்லாவற்றிலும் போகும். செத்ததை இரண்டு அடி ஆழம் வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நோய்க் கூட்டைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கையைக் கண்ணில் வைத்தால் மனிதருக்கும் கண் சிவந்து எரியும். சுகமான கோழிக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, நோய்க் கோழியிடம் கடைசியாகப் போங்கள்.

இதற்குத் தடுப்பு மருந்து உண்டு. கன்னொருவையில் உள்ள அரசாங்க மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் அந்த மருந்தைத் தயாரித்திருக்கிறது. உங்கள் பகுதி மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்டால் எப்படிப் பெறுவது என்று சொல்வார்கள். சின்னக் குஞ்சுக்குக் கண்ணில் ஒரு சொட்டு விடுவார்கள். முதல் கிழமை அளவில் ஒரு தடவை, சில கிழமை கழித்து இன்னொரு தடவை, பிறகும் இடைக்கிடை போட வேண்டும். எந்த நாள் என்பதை அவர்களிடமே குறித்துக்கொள்ளுங்கள்.

"பத்துக் குஞ்சுக்காக யார் ஐயா டவுனுக்குப் போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு குப்பியில் நூறு குஞ்சுக்கோ அதற்கு மேலுமோ மருந்து இருக்கும். கலக்கினால் சில மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தை வைத்திருக்க முடியாது. அதனால் தனி வீடாகப் போனால் வீண்தான். ஒரு லயமாக, ஒரு பிரிவாகச் சேர்ந்தால் கணக்குச் சரியாக வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தியில் எல்லா வீட்டுக் குஞ்சையும் எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்தடுத்த கிழமையில் பொரிக்கும்படி அடை வைத்தால் இன்னும் நல்லது. இரண்டு பேர் போய், ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்தை வெயில் படாமல் கொண்டு வந்து, அதே நாள் காலையில் எல்லோருக்கும் போட்டு முடிக்கலாம். சுகமில்லாத குஞ்சுக்குப் போடக் கூடாது. கோழி வைத்திருக்கிற வீட்டில் ஒன்று விட்டுப் போனாலும் நோய் அந்த வீட்டு வாசலால் உள்ளே வரும். அதனால் பேச்சு வார்த்தை இல்லாத வீட்டையும் கூப்பிடுங்கள், சண்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னும் சில வகை உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். கழுத்து முறுகாமல், ஈரத் துணி போலத் துவண்டு தரையில் கிடந்தால் அழுகிய இறைச்சியையோ, செத்த எலியில் நெளிந்த புழுவையோ தின்றிருக்கலாம். சுத்தமான தண்ணீர் கொடுத்து, அந்த அழுகலைத் தேடிப் புதையுங்கள். கழுத்தை நீட்டி நீட்டி வாயைப் பிளந்தால் மூச்சுக் குழாயில் புழு இருக்கலாம். மண்புழு தின்கிற குஞ்சுக்கு வரும், பூச்சி மருந்தை மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். மரக்கறித் தோட்டத்தில் மருந்து அடித்த அன்றைக்கு அந்தப் பக்கம் மேய்ந்த கோழி வாயில் நீர் வடிய நடுங்கினால் அது நஞ்சு, ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. பிறவியிலேயே கழுத்தில் இறகு இல்லாத குஞ்சைத் தூக்கிக்கொண்டு ஒரு தம்பி என்னிடம் வந்தார். அது வியாதி இல்லை, அந்த இனமே அப்படித்தான்!

தீனியைப் பற்றி ஒரு வார்த்தை. சோறு போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, சோறு மட்டும் போடாதீர்கள். புதுத் தவிடு ஒரு பிடி கலவுங்கள். பாசிப்பயறை ஊறவைத்து முளை கட்டி நசுக்கிப் போட்டால் குஞ்சு பறந்து வந்து தின்னும். மருந்து அடிக்காத கோவா இலை, லீக்ஸ் தழை, வல்லாரை எதுவானாலும் பொடியாக அரிந்து நாளுக்கு ஒரு தடவை கொடுங்கள். அடை வைக்கப் போகிற முட்டைக் கோழிக்கும் ஒரு மாதம் முன்பிருந்தே கீரை போடுங்கள். தாயிடம் இல்லாத சத்து முட்டைக்குள் வராது, முட்டையில் இல்லாதது குஞ்சுக்கும் கிடைக்காது.

விட்டமின் கொடுத்து மூன்று நாளில் எந்த மாற்றமும் இல்லை என்றாலோ, இரண்டாவது குஞ்சுக்கும் மூச்சு வாங்கினாலோ மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். போகும்போது குஞ்சின் வயது, என்ன தீனி, எப்போது வாங்கியது, எத்தனை செத்தது, புதிதாகக் கோழி வாங்கினீர்களா, தடுப்பு மருந்து போட்டதா என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். புதிதாகச் செத்த குஞ்சு இருந்தால் இரண்டு பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, வெயில் படாமல் கொண்டு போனால் அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். எழுதிக் கொள்ள ஆள் இல்லாதவர்கள் மாலை நேரத்தில் பிள்ளைக் காம்பரா பக்கம் வந்தால் நான் எழுதித் தருகிறேன்.